குற்றாலத்தில் குளித்து வந்த பால்

குற்றாலத்தைப் பற்றி எழுதாதவர்கள் தமிழ்நாட்டில் யார்? மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் அதைத் தொடங்கி வைத்தார். ரசிகமணி டி. கே. சி. தமது பிற்காலத்தில் அங்கேயே குடியிருந்து, 1954-இல் மறையும் வரையில், வந்தவர்களுக்கெல்லாம் அருவியையும் கவிதையையும் ஒருங்கே பருகத் தந்தார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியில் தலையைக் கொடுத்தவர்கள் ஊர் திரும்பியதும் பேனாவை எடுத்துக்கொள்கிறார்கள். சாரலும் தென்றலும் குரங்கும் மங்குஸ்தான் பழமும் தவறாமல் வந்துவிடுகின்றன. ஆனால் ஆனி பிறந்து ‘சீஸன்’ களைகட்டும்போது, ஐந்தாறு கிலோமீட்டருக்கு இப்பால் தென்காசியில் குடும்பப் பெண்களின் முகத்தில் தோன்றும் ஒரு கவலையைப் பற்றி யாரும் எழுதக் காணோம். அது காப்பிக்கு வேண்டிய பாலைப் பற்றிய கவலை.

நாம் சொல்வது 1980-களின் நடுப்பகுதி. தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தாலுகாவின் தலைநகர். தனி மாவட்டமானது 2019 நவம்பரில். பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுப்பித்த காசி விசுவநாதர் ஆலயத்துக்கு இன்று ஒன்பது நிலை ராஜகோபுரம் இருக்கிறது. அது குடமுழுக்குக் கண்டது 1990-இல். நமது பிள்ளைப் பிராயத்து மனத்தில் முதலில் பதிந்ததோ மொட்டைக் கோபுரந்தான். கோபுர வாசலில் நுழைகிறவரை எதிர்த்துத் தள்ளும் அந்தக் காற்றுக்கு மட்டும் அன்றும் இன்றும் வேற்றுமை இல்லை.

அந்தக் காற்றில், கிழக்கு வெளுக்கு முன், பால்காரக் கோனார் வருவார். அறுபது வயது இருக்கும். சாரல் நாட்களில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொள்வார். சைக்கிளின் இரு புறமும் பால் கேன்கள் தொங்கும். வழியில் பால் அலம்பிச் சிந்தாதபடி வாயில் ஒரு கொத்து வைக்கோல் செருகியிருக்கும். மணி அடிக்கமாட்டார். “பாலு!” என்று ஒரே ஒரு குரல். தெருவில் அதுதான் பொழுது விடிந்ததற்கு அடையாளம். அடுத்த நிமிஷம் வீட்டுக்கு வீடு தாழ்ப்பாள் திறக்கும் ஓசை கேட்கும்.

மெட்ரிக் அளவையைக் கொண்டுவந்த 1956-ஆம் வருஷத்துச் சட்டம் அப்போதே பழங்கதையாகி விட்டிருந்தது. கோனாரின் கையிலிருந்தது லிட்டர்க் கணக்குதான். ஆனால் நாவில் வந்தது உழக்கும் ஆழாக்கும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்னும் வாய்ப்பாட்டை நாம் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. வாசற்படியில் நின்று கற்றோம். அளவைக் குவளையை உயரத் தூக்கி, வெள்ளைக் கயிறு போல் பாலை இறக்கி நிரப்புவார். பார்க்க அழகாக இருக்கும். நமது தாயாருக்கு அந்த அழகில் நம்பிக்கை இல்லை. உயரத்திலிருந்து விழுந்தால் நுரை எழும். நுரையும் அளவில் சேரும். ஆகவே “நுரை அடங்கட்டும் கோனாரே” என்பார்கள். கோனாரும் முகம் கோணாமல் காத்திருந்து, அடங்கிய இடத்துக்கு மறுபடியும் ஊற்றி, அதன் மேல் கொசுறாக ஒரு சொட்டும் விடுவார். பிறகு கதவுக்குப் பின்புறச் சுவரில் அன்றைய பாலுக்கு ஒரு கரிக்கோடு விழும். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணிப் பணம் கொடுப்பது வழக்கம். கோட்டின் எண்ணிக்கையில் தகராறு வந்தால் சுவருக்கு முன் நின்று இருவரும் விரல் விட்டு எண்ணுவார்கள். அத்தகைய சமயங்களில் சுவர்தான் சாட்சி, சுவர்தான் நீதிபதி.

ஆனி மாதத்தில்தான் வழக்குகள் முற்றும். செம்பில் விழுந்த பாலைத் தாயார் கட்டை விரல் நகத்தில் ஒரு துளி வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். துளி வெள்ளைத் தடம் விடாமல் வழுக்கி ஓடிவிடும்.

“என்ன கோனாரே, பாலு குத்தாலத்துல குளிச்சிட்டு வந்துச்சா?”

“குளிக்கலை தாயி, சாரல்ல நனைஞ்சிருக்கும்” என்பார் கோனார், சற்றும் சளைக்காமல். “சீசன்லா? பச்சைப்புல்லு திங்குத மாடு. பாலு எளகித்தான் இருக்கும்.”

இந்தப் பதிலைத் தெருவில் யாரும் நம்பவில்லை. ஆனால் கால்நடை நூல்கள் கோனாரின் கட்சியில் பாதியை ஒப்புக்கொள்கின்றன. மழை கண்டு தளிர்த்த இளம்புல்லில் நீர் மிகுதி, நார்ச்சத்துக் குறைவு. மாட்டின் இரைப்பையில் நார் செரிக்கும்போது உண்டாகும் பொருளிலிருந்துதான் பாலின் கொழுப்பில் ஒரு பங்கு உருவாகிறது. நார் குறைந்தால் கொழுப்பும் குறையும். மற்றொரு பாதியைப் பற்றி நூல்கள் மௌனம் சாதிக்கின்றன. அதற்குச் சிற்றாறு சாட்சி சொல்லவேண்டும். நமது அபிப்பிராயம், இரண்டு பாதியும் ஒரே கேனில் இருந்தன என்பதுதான்.

நமது ஆச்சிக்கோ கேனில் வரும் பாலே பால் அல்ல. அவர்கள் மணமாகி வந்த புதிதில் பசுவே வாசலுக்கு வருமாம், கன்றையும் கூட்டிக்கொண்டு. வீட்டுப் பெண்மணியின் கண் முன்னே கறந்து கொடுக்கவேண்டும். கறக்கும் முன் செம்பைக் கவிழ்த்துக் காட்டவேண்டும் என்பது அதில் ஒரு சடங்கு. அடியில் தண்ணீர் இல்லை என்பதற்கு அத்தாட்சி. ஆக, அந்தப் பொற்காலத்திலும் சந்தேகம் வாசல் வரையில் வந்துதான் இருந்தது! பாலுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு நமது தலைமுறையில் புதிதாக ஏற்பட்டதன்று.

கன்று கூட வருவதற்குக் காரணம் உண்டு. பசு மடியில் பால் இருப்பது வேறு, அதை இறக்குவது வேறு. கன்று முட்டி ஊட்டியதும் பசுவின் மூளையை ஒட்டிய சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு நீர் இரத்தத்தில் கலந்து மடியை எட்டுகிறது. அதன் பிறகே பால் காம்புக்கு இறங்குகிறது. அதன் வேகம் சில நிமிஷங்களே நிற்கும். அதற்குள் கறந்து முடிக்கவேண்டும். பசு மிரண்டால் பாலை அடக்கிக்கொள்ளும். கன்று இறந்துபோன பசுவுக்கோ வேறு உபாயம் செய்வார்கள். கன்றின் தோலை உரித்து வைக்கோலைத் திணித்துத் தைத்து, நான்கு குச்சிகளைக் கால்களாக நட்டு, அதைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக வருவார்களாம். பசு அந்த வைக்கோல் கன்றை நக்கிக்கொண்டே பாலை இறக்குமாம். ஆச்சி அதைச் சொல்லும்போதெல்லாம் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அந்தப் பாலையும் வாங்கிக் காய்ச்சித்தான் இருக்கிறார்கள்.

பசுவிடம் பால் பெறும் வழிகளில் இதைவிடக் கொடியவையும் இருந்தன. கல்கத்தாவில் பசுவின் பின்புறத்தில் காற்றை ஊதிப் பாலைக் கடைசித் துளி வரை பிழிந்தெடுக்கும் ‘பூக்கா’ என்ற முறையைப் பற்றி அறிந்தது, மகாத்மா காந்தி 1912-இல் தென்னாப்பிரிக்காவில் பாலையே துறந்ததற்கு ஒரு காரணம். பின்னர் 1918-இல் கேடா மாவட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவர் உயிருக்கு ஆபத்தான நோயில் விழுந்தார். விரதம் எடுத்தபோது மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும்தானே, ஆடு இல்லையே என்று கஸ்தூரி பாய் எடுத்துச் சொல்ல, ஆட்டுப்பால் அருந்த இசைந்தார். அது தமது மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்ததை அவர் மறைக்கவில்லை. பசுவுக்கு நேர்ந்த துன்பத்தை அவர் எண்ணிய அதே கேடா மாவட்டத்தில், பசுவை வளர்ப்பவனின் துன்பத்துக்கு 1946-இல் ஒரு வழி பிறந்தது. அதற்கு வருமுன் நம் கோனாரின் வீட்டுக்கு ஒரு முறை போய்வரவேண்டும்.

யானைப் பாலத்துக்கு அப்பால் ஒரு சந்தில் அவர் குடியிருந்தார். எருமை கன்று ஈன்றிருந்தது. சீம்பால் வாங்கிவர நம்மைத் தூக்குச் சட்டியுடன் அனுப்பினார்கள். சீம்பாலுக்குக் காசு கிடையாது. வாடிக்கை வீடுகளுக்கு அது கோனாரின் சீர். வெல்லமும் ஏலக்காயும் கலந்து ஆவியில் வைத்தால் கட்டியாகத் திரண்டுவிடும். கன்றை நோயிலிருந்து காக்கும் புரதங்கள் அதில் செறிந்திருப்பதால் நேரும் திரட்சி அது. பிறந்த சில மணி நேரத்துக்குள் கன்றின் வயிற்றுக்குப் போகவேண்டிய பொருள். கன்று குடித்தது போகத்தான் நமக்கு என்று கோனார் கண்டிப்பாகச் சொல்லுவார்.

அந்த வீட்டுத் திண்ணையில் அவருடைய பேரப் பிள்ளைகள் மூவர் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். குவளையில் இருந்தது கருப்பட்டிக் கடுங்காப்பி. ஒரு துளிப் பால் கிடையாது. தொழுவில் இரண்டு எருமை, ஒரு பசு. கேன்களோ கவிழ்த்து வைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. வயது ஒன்பது இருக்கலாம் நமக்கு. வீட்டுக்கு வந்து சொன்னபோது தாயார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவர்கள் துளியை நகத்தில் வைத்துப் பார்த்ததாக நினைவில்லை. அதற்கு மறுநாள் பார்த்தார்கள்.

அப்புறந்தான் பெரியவர்கள் பேச்சிலிருந்து சில விஷயங்கள் விளங்கின. கோனாரின் எருமைகளில் ஒன்று, குற்றாலத்தில் சீஸன் கடை போட்ட ஒருவர் கொடுத்த முன்பணத்தில் வாங்கியது. கடன் தீரும் வரையில் பால் அவருக்கே. விலையும் அவர் வைத்ததே. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் அருவிக் கரையில் நனைந்து நடுங்குகிறவர்களுக்கெல்லாம் சுடச்சுடத் தேநீர் வேண்டுமே! விடுதிகளும் பால் கேட்கும். எருமை என்னவோ சீஸனுக்கென்று கூடுதலாகக் கறக்காது. கடைக்காரருக்கும் குறையக்கூடாது, நாற்பது வீட்டுச் செம்பும் வெறுமையாகத் திரும்பக்கூடாது என்றால் கோனார் என்ன செய்வார்? சிற்றாறு பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. சீஸனில் பாலை எல்லாம் குற்றாலத்துக்கே கொண்டு சென்று, வீடுகளைக் கைவிட்டுவிட்டவர்களும் இருந்தார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. நனைந்த பாலாயினும் தினந்தோறும் வந்தது.

இனிக் கேடாவுக்குப் போகலாம். அங்கே பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை ஒரு தனி நிறுவனத்தின் கையில் இருந்தது; இடைத் தரகர் வைத்ததே விலை. சர்தார் வல்லபாய் படேலின் யோசனைப்படி, 1946-இல் குடியானவர்கள் பாலைக் கொடுக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்து, தங்கள் சொந்தக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். திரிபுவன்தாஸ் படேல் அதற்குத் தலைமை வகித்தார். சில வருஷங்களில் கோழிக்கோட்டில் பிறந்த வர்கீஸ் குரியன் வந்து சேர்ந்தார். ஆனந்த் என்னும் சிற்றூர் உலகப் பிரசித்தி அடைந்தது. 1970-இல் அந்த முறை ‘வெண்மைப் புரட்சி’யாக நாடெங்கும் பரவத் தொடங்கிற்று. நமது மாநிலத்தில் 1972-இல் பால்வள வளர்ச்சிக் கழகமும், 1981-இல் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையமும் ஏற்பட்டன. அதன் பாலுக்கு ‘ஆவின்’ என்று பெயர். ‘ஆ’வுடன் ‘இன்’ சாரியை சேர்ந்து வந்த சொல் என்று வகுப்பில் உதாரணம் காட்ட நம்மைப் போன்ற தமிழாசிரியர்களுக்கு அது மிகவும் சௌகரியமாக இருக்கிறது.

கிராமச் சங்கம் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. வெறும் பால்மானியால் பாலைச் சோதிப்பது எளிதில் ஏமாறக்கூடிய சோதனை. தண்ணீர் சேர்த்தால் பாலின் அடர்த்தி குறையும். ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். இரண்டையும் அளவாகச் செய்தால் பால்மானி ‘சரி’ என்று சொல்லிவிடும். நமது பள்ளி அறிவியல் ஆசிரிய நண்பர் ஒவ்வொரு வருஷமும் இதைச் செய்து காட்டி மாணவர்களைச் சிரிக்கவைப்பார். சங்கமோ கொழுப்பையும் கொழுப்பல்லாத திடச்சத்தையும் தனித்தனியே பார்த்து, அதற்கேற்ற விலை கொடுத்தது. நல்ல பாலுக்கு நல்ல விலை என்று ஏற்பட்டபோது, தண்ணீரால் கிடைத்த லாபம் தானாகவே மறைந்தது. கோனாரும் மாலைப் பாலைச் சங்கத்தில் ஊற்றத் தொடங்கினார். கடைக்காரரின் கடன் அந்தப் பணத்தில்தான் தீர்ந்தது.

ஆனால் அதே சமயத்தில் நகரத்துக் கடைகளில் பாக்கெட் பாலும் வந்து இறங்கிற்று. அதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். ‘டோன்டு’ பால் என்பதைப் பம்பாயில் 1946-இல் தாரா குரோடி என்பவர் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம். அதில் கொழுப்பு நீக்கிய பால் பொடியையும் தண்ணீரையும் கலந்து பெருக்கினால் ஏழைகளுக்கு எட்டும் விலையில் கொடுக்கலாம். நல்ல யோசனைதான். இன்று சட்டப்படி அதில் 3 சதவீதம் கொழுப்பும் 8.5 சதவீதம் மற்றத் திடச்சத்தும் இருக்கவேண்டும். ஆயினும் கோனார் கலந்தால் கலப்படம், நிபுணர் கலந்தால் ‘டோன்டு’ என்பதை ஆச்சி கடைசி வரையில் ஏற்கவில்லை. “அவன் பொடியும் சேத்தா கலக்கான்? இவன் தண்ணி மட்டும் விட்டான், பாவம்!” என்பது அவர்களுடைய தீர்ப்பு.

தெருவில் ஒவ்வொரு வீடாகப் பாக்கெட் நுழைந்தது. நமது வீட்டிலும் நுழைந்தது. ஒரு மார்கழிக் கடைசியில், பொங்கலுக்குச் சுவர் வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தபோது, கோனார் வாசலில் நின்றார். “வெள்ளையடிக்குமுன்ன கணக்கப் பாத்துருவோம் தாயி” என்றார். கதவுக்குப் பின்னால் எண்ணினார்கள். அவர் கணக்கில் இருபத்தாறு, சுவரில் இருபத்துமூன்று. தாயார் இருபத்தாறுக்கே பணம் கொடுத்தார்கள். வேட்டியும் துண்டும் வழக்கம் போலக் கொடுத்தார்கள். அதன் பிறகு அந்தச் சுவரில் கோடு விழவில்லை.

பழைய காலத்தை மட்டும் புகழ நாம் முன்வரவில்லை. இந்தியா 1998 முதல் உலகத்திலேயே அதிகப் பால் தரும் தேசமாக விளங்குகிறது. 2023-24-இல் உற்பத்தி ஏறக்குறைய 23 கோடியே 93 லட்சம் டன். தலைக்கு நாள் ஒன்றுக்கு 471 கிராம் என்று கணக்குச் சொல்கிறது. கருப்பட்டிக் கடுங்காப்பி குடித்த அந்த மூன்று பிள்ளைகளின் மக்கள் இன்று பால் குடிப்பார்கள் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது. பாலை 72 பாகையில் 15 விநாடி சூடாக்கிக் குளிர்விக்கும் முறையால் காச நோய் போன்ற கிருமிகளும் ஒழிகின்றன. அந்நாளில் அந்த வேலையை அடுப்பும், பால் பொங்கி வழியாமல் பார்க்க நிறுத்தப்பட்ட பிள்ளைகளும் செய்தோம்.

ஆனால் நகத்தில் துளியை வைத்துப் பார்த்து, “குளிச்சிட்டு வந்துச்சா?” என்று கேட்பதற்கு எதிரே ஓர் ஆள் இருந்தாரே, அதை நினைக்கவேண்டியிருக்கிறது. 2023 ஜனவரியில் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுச் சோதனைச் சாவடியில் நடந்ததை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருக்கலாம். தென்காசிப் பக்கத்திலிருந்து கேரளம் நோக்கிச் சென்ற ஒரு டாங்கர் லாரியை நிறுத்தினார்கள். உள்ளே 15,300 லிட்டர் பால். கேரளப் பால்வளத் துறையின் சோதனை, அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருப்பதாகச் சொல்லிற்று. பின்னர் உணவுப் பாதுகாப்புத் துறை எடுத்த மாதிரியில் அது காணப்படவில்லை. நேரம் கடந்தால் அந்தப் பொருள் சிதைந்து மறைந்துவிடும், ஆகவே தாமதந்தான் காரணம் என்றார்கள் முன்னவர்கள். இரு துறைகளும் வாதாடிக்கொண்டிருக்க, பால் டாங்கருக்குள்ளேயே கெட்டுப்போயிற்று. அந்தப் பதினையாயிரம் லிட்டரில் எத்தனை தொழுவத்துப் பால் கலந்திருந்ததோ! அவர்களில் யார் மேல் குற்றம், யார் மேல் இல்லை என்று எந்தச் சுவரில் எண்ணுவது?

சென்ற ஆனியில் ஒரு விடியற்காலை மேலகரம் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். திரிகூட மலையின் தலை மேகத்துக்குள் இருந்தது. ஒருவர் மோட்டார் சைக்கிளில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நின்று பால் ஊற்றிக்கொண்டிருந்தார். வயது நாற்பதுக்குள் இருக்கும். பேச்சுக் கொடுத்தோம். இருபது வீடுகளுக்கு ஊற்றுகிறாராம். மாடு மேய எங்கே போகிறது என்று கேட்டோம். “மேய்ச்சலா சார்? கட்டுத்தறிதான். மலைப் பக்கம் மாடு போவக்கூடாது. வயக்காடெல்லாம் வீட்டுமனை ஆயிட்டு. வைக்கோலும் தீவனமும் காசு குடுத்து வாங்கித்தான் போடுதோம்.” அருவிக்கு மேலுள்ள காடுகளில் பெரும்பகுதி 2015 முதல் நெல்லை வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. சரணாலயங்களில் மாடு மேய்க்கலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. புலிக்கும் சிங்கவால் குரங்குக்கும் காடு வேண்டும் என்பதை மறுப்பார் யார்? தீவன விலை ஏறினால் என்ன செய்வது என்பதையும் அவரிடம் யாராவது சொல்லவேண்டும்.

சீஸனில் கடைக்காரர்கள் கூடுதலாகக் கொடுப்பார்களே, வீடுகளை விட்டுவிட்டால் என்ன என்று கேட்டோம்.

“குடுப்பாங்க. மூணு மாசம். பொறவு?” என்றார்.

வாசலில் நின்ற அம்மாள் செம்பை எட்டிப் பார்த்தாள். “நுரை நிக்கட்டும் தம்பி” என்றாள். அவர் கேனைச் சாய்த்தபடியே காத்துக்கொண்டிருந்தார். சாரல் பிடித்துக்கொண்டது. அம்மாள் முந்தானையை இழுத்துச் செம்பின் மேல் மூடினாள்.